ஊரைச் சுற்றி ஒரு ஞாயிறு: வாசகர் கேள்வி பதில்

மதுரையைச் சுற்றி அரை நாளில் போய்வரக்கூடிய இடங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் எழுதுகிறார். அரையாண்டு விடுமுறை நெருங்குவதால் இந்த மாதம் கடிதங்கள் அதிகம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஒவ்வொரு வாரமும் ஷாப்பிங் மால், விளையாட்டு, பாப்கார்ன் என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் காலி. செலவும் இல்லாமல், பிள்ளைகளும் அழாமல் போய்வர ஓர் இடம் சொல்லுங்கள்.
– வாசகி, விளாங்குடி

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள் அம்மா. உங்கள் பக்கத்திலிருந்து வண்டியில் அரை மணி நேரம். பஸ் என்றால் பெரியார் நிலையத்திலிருந்து கீழக்குயில்குடிக்கே டவுன் பஸ் உண்டு. அது கிடைக்காவிட்டால் தேனி ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

மலையடியில் அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள், பக்கத்திலேயே தாமரைக்குளம். சின்னவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு மேலே ஏறுங்கள். பாறையிலேயே வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. கையைப் பிடித்தால் ஐந்து வயதுப் பிள்ளை ஏறிவிடும். வழுக்கும் செருப்பு மட்டும் வேண்டாம்.

ஏறியதும் வருகிற இடத்துக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். ஒரு சுனை, அதையொட்டிப் பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர் இருக்கிறார், தலைக்கு மேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதர் இருக்கிறார், காலில் கொடி சுற்றிய பாகுபலியும் இருக்கிறார். 9-ஆம் நூற்றாண்டு வேலை. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பெயர் குணமதியார். அச்சணந்தி என்ற புகழ்பெற்ற சமணத் துறவியின் தாயார். மகன் துறவியாகப் போய்விட்டான், தாய் மலையேறி வந்து ஒரு திருமேனி செய்து வைத்திருக்கிறாள். வகுப்பில் எத்தனை பாண்டிய மன்னர்கள் பெயரைச் சொன்னாலும் கொட்டாவி விடும் பிள்ளைகள், இந்த அம்மாவின் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காரும். பெரியவனிடம் நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால் இறங்கி, மலையின் மறுபக்கம் செட்டிப்புடவுக்குப் போகலாம். குகை வாசலுக்கு இடப்பக்கம் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, அமர்ந்திருப்பார். உள்ளே தலைக்கு மேலே பாறை வளைவில் வரிசையாகச் சிற்பங்கள். அவற்றில் ஒன்றில் சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானை மேல் ஓர் ஆள், இருவருக்கும் சண்டை. எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் மகன் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

காலை ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பதரை, பத்துக்கு மேல் பாறை சூடேறி, பிள்ளைகள் அழத்தான் செய்யும். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போய் ஆலமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து எல்லோரும் தூங்குங்கள். உங்கள் கணவருக்கு அந்தத் தூக்கம் ரொம்பத் தேவை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

சென்னையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஆறு பேர் சனிக்கிழமை வருகிறார்கள், ஞாயிறு இரவு ரயில். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், அழகர்கோவில், பழமுதிர்ச்சோலை, கீழடி, தெப்பக்குளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட வேன் பேசியிருக்கிறேன். எந்த வரிசையில் போவது?
– வாசகர், கே.கே. நகர்

எந்த வரிசையிலும் போகாதீர்கள். ஏழு இடம் போனால் அவர்கள் நினைவில் நிற்கப்போவது வேனின் சீட்டு மட்டும்தான். அழகர்கோவில் வடக்கே, கீழடி தென்கிழக்கே. நடுவில் கோரிப்பாளையம் சிக்னல் வேறு. இதில் மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மாமியாரும் மாமனாரும் வெறுங்காலோடு வெயிலில் நிற்பார்கள். சம்பந்தி உறவு முக்கியமா, பட்டியல் முக்கியமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயில். ஞாயிறு காலை கீழடி. அவ்வளவுதான்.

கீழடியை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னைக்காரர்கள் டிவியிலும் செய்தித்தாளிலும் கேட்டு ஏற்கனவே ஆர்வத்தோடு இருப்பார்கள். ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் தாண்டினால் வந்துவிடும். மதுரையிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ஊர் சிவகங்கை மாவட்டம். 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் வந்ததும்தான் ஊரே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. 2023 மார்ச் 5-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூண்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். நிழலும் காற்றும் உண்டு, பெரியவர்கள் உட்கார இடமும் உண்டு.

உள்ளே போனதும் தங்கத்தைத் தேடி ஓட வேண்டாம். தங்கம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் எனக்குப் பிடித்தது தாயக்கட்டை. தந்தத்தில் செய்த சீப்பு, நூல் நூற்ற தக்களி, பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுச் சில்லு. சில்லு ஆடிய பெண்கள் அதன் முன்னால் நின்றால் நகர மாட்டார்கள். உங்கள் சம்பந்தியம்மாவுக்கு நல்ல பேச்சு கிடைக்கும். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளையும் மறக்காமல் பாருங்கள். எந்த அரசன் சொல்லியும் எழுதியதல்ல, பானைக்காரர் எழுதிக்கொண்டது.

திரும்பி வந்து வீட்டில் வாழை இலை போட்டுச் சாப்பிட வையுங்கள். மாலை தெம்பிருந்தால் மகால். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இப்போது நாம் பார்ப்பது கால் பங்குதான் என்று சொல்லிவிட்டு அந்தத் தூண்களைக் காட்டுங்கள், வாயைப் பிளப்பார்கள். அழகர்கோவிலை அடுத்த முறைக்கு வையுங்கள். மறுபடி வர ஒரு காரணம் வேண்டாமா?

நான் பிறந்து வளர்ந்தது ஒத்தக்கடை. வீட்டுக்குப் பின்னால் யானைமலை. அது ஒரு மொட்டைப் பாறை, அதில் பார்க்க என்ன இருக்கிறது? வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பதைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது.
– கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

தம்பி, சிரித்தது போதும், நரசிங்கம் கோயிலுக்கு ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து பைக் கூட எடுக்க வேண்டாம்.

அந்த யோக நரசிம்மர் கருவறை மலையைக் குடைந்து செய்தது. கல்வெட்டு இருக்கிறது, காலம் கி.பி. 770. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி இந்தக் கோயிலைக் குடையத் தொடங்கினார். குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துவிட்டார். பிறகு அவர் தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபமும் கட்டி, அண்ணன் விட்ட வேலையை முடித்தார். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய அண்ணன் தம்பி சமாச்சாரம் உங்கள் தெருக் கோடியில் கல்லில் கிடக்கிறது. நம் ஊரில் அண்ணன் ஆரம்பித்த வீட்டைத் தம்பி முடித்துக் கொடுத்ததாக எத்தனை பேரைச் சொல்ல முடியும்? பாகப் பிரிவினை வழக்குதான் நடக்கும்.

பக்கத்திலேயே லாடன் கோயில் என்று இன்னொரு குடைவரை. உள்ளே முருகனும் தெய்வானையும். கூட்டம் இருக்காது. மலைக்கு மேலே சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உண்டு. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் மேல் பழைய சாந்துப் பூச்சும் வண்ணமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விளாங்குடி வாசகிக்கு ஒரு தாயைப் பற்றிச் சொன்னேனே, அவர் மகன் அச்சணந்தியின் பெயர் இந்த மலையில் இருக்கிறது. மகன் கிழக்கே, தாய் மேற்கே, நடுவில் மதுரை.

இன்னொரு விஷயம். 2010-இல் இந்த மலையில் சிற்பப் பூங்கா அமைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, மலை மலையாகவே இருக்கட்டும் என்று நின்றது உங்கள் ஊர் ஆட்கள்தான். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

வயது எழுபத்திரண்டு. இரண்டு முட்டியும் போய்விட்டன. நீங்கள் மாதா மாதம் மலை மலையாகச் சொல்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதானா?
– வாசகர், அரசரடி

கோபப்படாதீர்கள் அண்ணே, என் முட்டியும் சத்தம் போடத்தான் செய்கிறது.

காலையில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. சுவர் கனம், உள்ளே குளிர்ச்சி. 1959 ஏப்ரலில் நேரு வந்து திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம்கூடத் தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே மரத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். விடுமுறை நாள் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொரு நாள் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு அரை வேட்டிக்கு மாறியது அந்தத் தெரு வீட்டில்தான். கீழே கதர்க்கடை இருக்கிறது, ஒரு துண்டு வாங்கினால் உள்ளே போகக் காரணமும் கிடைத்தது.

சாயங்காலம் என்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் குளமானது என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். பல வருடம் தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் பார்த்து, மற்ற மாதங்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளத்தில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. சுற்றி நடக்கச் சமதரை, படி ஏற வேண்டாம், சுற்றுச்சுவரில் உட்கார்ந்து மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே சுண்டல் சாப்பிடலாம். ஒரே ஒரு யோசனை: ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டாம், கூட்டத்தில் முட்டியில் யாராவது இடித்துவிடுவார்கள். புதன், வியாழன் போங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிறுதானே.

நான் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பைனாகுலர் வாங்கிவிட்டேன். வேடந்தாங்கல் போகக் காசில்லை. மதுரைப் பக்கம் எங்கே போகலாம்?
– மாணவி, மேலூர்

வேடந்தாங்கலுக்கு நீங்கள் ஏன் போக வேண்டும் கண்ணு? அரிட்டாபட்டி உங்கள் தாலுகாதானே. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். அங்கே விசேஷம் வேட்டைப் பறவைகள்தான்: லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு. செங்குத்தான பாறை முகடுகளும் அடியில் கண்மாய்களும் ஒரே இடத்தில் இருப்பதால் அவற்றுக்குக் கூடு கட்டவும் வசதி, இரை தேடவும் வசதி. ஏழு குன்றுகள், எழுபதுக்கு மேல் நீர்நிலைகள், நிறையச் சுனைகள். எறும்புத்தின்னியும் தேவாங்கும்கூட உண்டு, ஆனால் அவை உங்கள் கண்ணில் படுவது சிரமம்.

வல்லூறு கூட்டுக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். தள்ளி, கண்மாய்க் கரையில் மரத்தையொட்டி உட்காருங்கள், பச்சை அல்லது மண் நிறத் துணி உடுத்துங்கள். போனில் பறவைச் சத்தத்தைப் போட்டு வரவழைக்கிற பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அது வேண்டாம். பறவை தன் இடத்தில் வேறொன்று வந்துவிட்டது என்று பதறிப்போகும்.

பார்த்து முடித்தால் அங்கேயே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர் என்ற சைவ குரு. லகுலீசர் சிற்பம் நம் பக்கம் அபூர்வம்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் உங்கள் சுற்றுவட்டாரமே திரண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அதனால் ஊருக்குள் புது முகங்களைப் பார்த்தால் யார், எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும், பைனாகுலரைக் கையில் கொடுத்து அவர்களும் பார்க்கச் செய்யுங்கள். எந்த மரத்தில் எது அடையும் என்று ஆடு மேய்க்கிற அக்காக்கள் சொல்லிவிடுவார்கள்.

மிஸ், சமணர் மலையில் என் பேரைப் பாறையில் எழுதினேன். அப்பா அடித்துவிட்டார். அங்கே பழைய ஆட்களும் பேர் எழுதியிருக்கிறார்களே! அவர்கள் எழுதினால் வரலாறு, நான் எழுதினால் தப்பா?
– ஆறாம் வகுப்பு மாணவன், திருநகர்

கேள்வி ரொம்ப நல்ல கேள்வி ராசா. அப்பா அடித்திருக்க வேண்டாம், ஆனால் எழுதினது தப்புத்தான்.

கோயிலில் டியூப்லைட் மேல் ‘உபயம்’ என்று பேர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். லைட் வாங்கிக் கொடுத்தவர் பேர் அது. மலையில் இருக்கும் பேர்களும் அந்த மாதிரிதான். மாங்குளம் மலையில் ஒரு கல்வெட்டு, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தி என்ற துறவிக்குப் படுக்க இடம் வெட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. படுக்கை கொடுத்தார், பேர் வந்தது. நீ என்ன கொடுத்தாய்?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மாங்குளம் எழுத்தை 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற அதிகாரி கண்டு எழுதினார். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924-இல். இடையில் நாற்பது வருடம். தேய்ந்த எழுத்தின் மேல் நாலு பேர் தங்கள் பேரையும் ஹார்ட்டின் படத்தையும் கீறியிருந்தால் அவர் எதைப் படித்திருப்பார்? கீழடி ஆதன் தன் பேரைப் பானையில் எழுதிக்கொண்டார். உனக்கு எழுத ஆசையாக இருந்தால் உன் தண்ணீர்ப் பாட்டிலில் எழுது. அடுத்த முறை போகும்போது சாக்பீஸை வீட்டில் வைத்துவிட்டு, நோட்டும் பென்சிலும் எடுத்துப்போய் அந்த வட்டெழுத்தில் நாலு எழுத்தைப் பார்த்து வரைந்து எனக்கு அனுப்பு.

பெண்கள் தனியாக இந்த மலைகளுக்குப் போகலாமா?
– வாசகி, பெயர் வேண்டாம்

ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்: கீழடி, காந்தி மியூசியம், நரசிங்கம் கோயில், தாராளமாகப் போகலாம். ஆள் நடமாட்டம் இல்லாத மலை முகட்டுக்குத் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே கிடக்கும் பாட்டில்களைப் பார்த்தாலே சாயங்காலம் யார் வருகிறார்கள் என்று தெரியும். ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கால் வழுக்கினால் தூக்கிவிட ஆள் வேண்டாமா? மதுரையில் ‘பசுமை நடை’ என்று ஒரு குழு இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் இந்த மலைகளுக்கு ஊராரைக் கூட்டமாக அழைத்துப்போய், கல்வெட்டைப் படித்துச் சொல்வார்கள். முதல் தடவை அப்படிப் போய் வழியைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு தோழிகள் மூன்று பேர் சேர்ந்து போகலாம்.

குட்லாடம்பட்டி அருவியில் இப்போது தண்ணீர் விழுகிறதா?
– வாசகர், சமயநல்லூர்

சிறுமலையில் நல்ல மழை பெய்தபின் சில வாரம்தான் அந்த அருவிக்கு உயிர். வாடிப்பட்டியில் தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு, தண்ணீர் வருகிறதா, உள்ளே விடுகிறார்களா என்று இரண்டையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அழகர்கோவிலில் என்ன சாப்பிடலாம்?
– வாசகர், புதூர்

சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதக் கடையில் தோசை வாங்குங்கள். கறுப்பு உளுந்தும் மிளகும் சேர்த்து நெய்யில் வேகவைத்த தடித் தோசை. சட்னி, சாம்பார் எதுவும் தேடாதீர்கள், தேவைப்படாது. வாங்கினதும் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பழமுதிர்ச்சோலைப் பக்கம் நடந்தால் அது குரங்குக்கு.